அழுத்தினால் மின்னூட்டம் தரும் அமினோ அமிலப் படிகங்கள்

அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். அதன் மூலக்கூற்றில் இருப்பவை பத்து அணுக்கள்தாம். இதைத் தூய நீரில் கரைத்து, நீரை மெல்ல ஆவியாக விட்டால் தெளிவான படிகங்கள் கிடைக்கும். அந்தப் படிகம் ஒன்றை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, எந்தத் திசையில் அழுத்தினாலும் மின்னூட்டம் தோன்றாது. அதே கிளைசினைச் சாதாரண உப்பு கலந்த கரைசலிலிருந்து படிகமாக்கினால் வேறொரு வடிவம் உருவாகும். அதைச் சரியான திசையில் அழுத்தினால், எதிரெதிரான இரு முகங்களில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் தோன்றுகின்றன. வேதியியல் வாய்பாட்டில் இவ்விரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. மாறியிருப்பது மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மட்டுமே. உயிர்ப்பொருள்களின் அழுத்தமின் பண்பைப் பற்றி அறிய விரும்புபவர் இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் எளிதில் விளங்கிவிடும்.

ஒரு பொருளை அழுத்தும்போதோ வளைக்கும்போதோ அதில் மின்னூட்டம் தோன்றுவதை அழுத்தமின் விளைவு என்கிறோம். பீசோ எலக்ட்ரிக் விளைவு என்றும் இதைச் சொல்வது உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் இதைக் கண்டறிந்தார்கள். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற கனிமங்களோடு கரும்புச் சர்க்கரையின் படிகத்தையும் அவர்கள் சோதித்தார்கள் என்பது பலரும் கவனிக்காத செய்தி. அதாவது, உயிர்கள் உருவாக்கிய ஒரு பொருள் இந்தத் துறையின் முதல் நாளிலேயே இடம்பெற்றுவிட்டது. அடுத்த ஆண்டில், மின்னழுத்தம் கொடுத்தால் இதே படிகங்கள் சிறிதளவு நீளவோ சுருங்கவோ வேண்டும் என்று காப்ரியேல் லிப்மன் கணக்கிட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். முன்னதை நேர்விளைவு என்றும் பின்னதை மறுவிளைவு என்றும் கூறுவர்.

இந்த விளைவின் வலிமையைக் குறிக்க ஓர் எண் பயன்படுகிறது. ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிக்கோகூலும் (கூலும் என்ற மின்னூட்ட அலகின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னூட்டம் கிடைக்கிறது என்பதே அந்த எண். இதை அழுத்தமின் குணகம் என்பார்கள். குவார்ட்ஸுக்கு இது சுமார் 2.3. உப்புக் கரைசலில் உருவாகும் கிளைசின் படிகத்துக்கு ஏறத்தாழ 10. பத்து என்றால் எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் எடை தரும் விசை. அந்த விசையில் அந்தப் படிகத்தின் ஒரு முகத்தில் சேரும் 10 பிக்கோகூலும் மின்னூட்டம் சுமார் 6 கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டத்துக்குச் சமம். எண்ணாகக் கேட்கும்போது பெரிதாகத் தோன்றினாலும், ஒரு சிறு விளக்கில் ஒரு நொடியில் பாயும் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மறுவிளைவிலும் இதே எண்தான்: ஒரு வோல்ட் கொடுத்தால் படிகம் 10 பிக்கோமீட்டர் நீளும். ஓர் அணுவின் விட்டம் 100 பிக்கோமீட்டருக்கு மேல் என்பதால், இந்த நீட்சி ஓர் அணுவின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இத்தகைய படிகங்களைப் பற்றிப் பேசும்போது மின்சார உற்பத்தியை மனத்தில் கொள்வதைவிட, உணர்தலையும் அளவிடுதலையும் மனத்தில் கொள்வதே பொருத்தம்.

மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. படிகத்துக்குள் நேர் மின்னூட்டங்களும் எதிர் மின்னூட்டங்களும் ஏற்கெனவே சம அளவில் இருக்கின்றன. அழுத்தும்போது அணுக்கள் சிறிது இடம் பெயர்கின்றன. அப்போது நேர் மின்னூட்டங்களின் நடுப்புள்ளியும் எதிர் மின்னூட்டங்களின் நடுப்புள்ளியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், படிகத்தின் ஒரு முகம் நேராகவும் மறுமுகம் எதிராகவும் ஆகிவிடுகின்றன. இரு நடுப்புள்ளிகளும் விலகாமலே இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை.

விலகுமா விலகாதா என்பதைத் தீர்மானிப்பது சமச்சீர் மையம் என்னும் பண்பு. படிகத்துக்குள் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு திசையில் குறிப்பிட்ட தொலைவில் ஓர் அணு இருந்தால், நேரெதிர்த் திசையில் அதே தொலைவில் அதே வகை அணு இருக்க வேண்டும். எல்லா அணுக்களுக்கும் இது பொருந்தினால் அந்தப் புள்ளி சமச்சீர் மையம். இப்படிப்பட்ட படிகத்தை அழுத்தும்போது ஓர் அணு ஒரு பக்கம் நகர்ந்தால் அதன் இணை அணு அதே அளவு எதிர்ப்பக்கம் நகரும். இரண்டின் விளைவும் ஒன்றையொன்று நீக்கிவிடும். சமச்சீர் மையம் உள்ள படிகத்தில் அழுத்தமின் விளைவு இருக்கவே முடியாது என்பது சோதனையால் மட்டும் கிடைத்த முடிவு அன்று. வடிவியலே அதை விதிக்கிறது. இயற்கையில் சாத்தியமான படிக வகுப்புகள் 32. அவற்றில் 11 வகுப்புகளுக்குச் சமச்சீர் மையம் உண்டு. எஞ்சிய 21-இல், கனசதுரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றில் மட்டும் பிற சமச்சீர்கள் சேர்ந்து விளைவை அழித்துவிடுகின்றன. மற்ற 20 வகுப்புகளிலும் அழுத்தமின் விளைவு இடம்பெறலாம்.

உயிர்ப்பொருளில் இது ஏன் இவ்வளவு பரவலாக உள்ளது?

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் கிளைசினைத் தவிர 19-க்கும் கைத்தன்மை உண்டு. வலக்கையும் இடக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்துவதில்லை. இந்த மூலக்கூறுகளுக்கும் அப்படி இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றை எல் வடிவம், டி வடிவம் என்பர். உயிரினங்கள் தம் புரதங்களைக் கட்டுவதற்கு எல் வடிவத்தையே பயன்படுத்துகின்றன.

இப்போது மேலே சொன்ன சமச்சீர் மையத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு மையப் புள்ளியின் வழியாக எல்லா அணுக்களையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினால், எல் வடிவ மூலக்கூறு டி வடிவமாக மாறிவிடும். எனவே எல் வடிவம் மட்டுமே உள்ள ஒரு படிகத்துக்குச் சமச்சீர் மையம் இருக்க வழியே இல்லை. இருக்க வேண்டுமானால் பாதி மூலக்கூறுகள் டி வடிவமாக இருந்தாக வேண்டும். ஆகவே எல்-அலனின், எல்-லியூசின் என எதை எடுத்துத் தூய படிகமாக்கினாலும், அது அழுத்தமின் விளைவை அனுமதிக்கும் வகுப்பிலேயே வந்து சேரும். சர்க்கரை, செல்லுலோஸ், கொலாஜன், டி.என்.ஏ. ஆகியவற்றுக்கும் இதே வாதம் பொருந்துகிறது. இத்துறையில் எனக்கு மிகவும் அழகாகத் தோன்றும் வாதம் இதுவே. கருவி எதையும் தொடாமலே, உயிர் ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்ற ஒரே உண்மையிலிருந்து இவ்வளவும் கிடைத்துவிடுகிறது. அமினோ அமிலங்களில் அழுத்தமின் அதிர்வுகள் இருப்பது 1970-இலேயே சோதனையில் காட்டப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எல் வடிவமும் டி வடிவமும் சம அளவில் கலந்தால் விளைவு மறைந்துவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட கலவைகள் பல சமச்சீர் மையத்துடன் படிகமாகின்றன என்பது உண்மைதான். ஆனால் டிஎல்-அலனின் அதற்கு விலக்கு. அதில் இரு வடிவங்களும் சமச்சீர் மையத்தின் வழியாக இணையாமல் கண்ணாடிப் பிம்ப உறவில் மட்டும் அடுக்கப்படுவதால், படிகத்துக்கு ஒரு திசையில் முனைவுத்தன்மை, அதாவது ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் இருக்கும் தன்மை, எஞ்சிவிடுகிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதையே கொண்டு ஓர் அழுத்தமின் கருவியைச் செய்து காட்டினார்கள்.

கிளைசினின் மூன்று வடிவங்கள்

கிளைசினுக்குக் கைத்தன்மை இல்லாததால், அதற்கு மேற்கண்ட உத்தரவாதம் கிடையாது. அதன் படிகம் சமச்சீர் மையத்துடனும் வரலாம், இல்லாமலும் வரலாம். அதனால்தான் அது பாடம் நடத்த இவ்வளவு வசதியான பொருளாக இருக்கிறது.

படிகத்துக்குள் ஒவ்வொரு கிளைசின் மூலக்கூறும் ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் கொண்டிருக்கிறது. அமிலப் பகுதி விட்டுக்கொடுத்த புரோட்டானை அமினோ பகுதி ஏற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சிறிய அம்புக்குறி என்று எழுதிக்கொள்ளலாம். இந்த அம்புகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைக்கின்றன. ஆல்பா வடிவத்தில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைந்து, அருகருகே உள்ள இரு அடுக்குகள் எதிரெதிர்த் திசை நோக்கி இணைகின்றன. அந்த இணைக்கு நடுவே சமச்சீர் மையம் இருக்கிறது. அதனால் அழுத்தமின் விளைவு இல்லை. தூய நீரிலிருந்து வழக்கமாகக் கிடைப்பது இந்த வடிவமே.

காமா வடிவத்தில் மூலக்கூறுகள் ஓர் அச்சைச் சுற்றி, மூன்று மூலக்கூறுகளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் திருகுபோல ஏறிச் செல்கின்றன. அந்த அச்சின் திசையில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் அம்புகள் ஒன்றையொன்று நீக்குவதில்லை. இதன் விளைவு வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடியது: நன்கு வளர்ந்த காமா படிகத்தின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒரு முனை தட்டையாகவும் மற்றது கூம்பியும் அமைகிறது, வளரும் வேகமும் இரு முனைகளிலும் வேறுபடுகிறது. உள்ளே உள்ள திசைச் சாய்வு வெளியே வடிவமாகவே தெரிகிறது. இந்த அச்சின் வழியே அழுத்தும்போதுதான் முன்னர் சொன்ன 10 என்ற குணகம் கிடைக்கிறது. அறை வெப்பநிலையில் மூன்றிலும் மிகவும் நிலையானது காமா வடிவமே. அப்படியிருந்தும் தூய நீரில் அது எளிதில் உருவாவதில்லை. உப்போ அமிலமோ காரமோ சேர்த்துத்தான் அதை வரவழைக்க வேண்டும்.

மூன்றாவதான பீட்டா வடிவம் ஆல்கஹால் கலந்த நீரிலிருந்து ஊசி போன்ற படிகங்களாகக் கிடைக்கிறது. இதிலும் சமச்சீர் மையம் இல்லை. 2018-இல் லிமெரிக் குழுவினர், குவாண்டம் கணக்கீட்டின் துணையோடு இதன் குணகங்களை ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட திசையில் அது வோல்ட்டுக்கு 178 பிக்கோமீட்டர் என்ற அளவை எட்டுவதை அறிவித்தார்கள். குவார்ட்ஸைப் போல எழுபது மடங்குக்கு மேலான இந்த எண்தான் அமினோ அமிலங்களின் பக்கம் பலரின் பார்வையைத் திருப்பியது. ஆனால் இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, இது நேராக அழுத்துவதற்கான குணகம் அன்று. படிகத்தின் எதிரெதிர் முகங்களைப் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளும் சறுக்கு விசைக்கு உரியது. இரண்டாவது, பீட்டா வடிவம் மூன்றிலும் மிகவும் நிலையற்றது. ஈரக்காற்றில் வைத்தால் விளைவே இல்லாத ஆல்பாவாக மாறிவிடும்.

சறுக்கு விசை என்ற சொல்லைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் எல்-அலனின் உள்ளிட்ட பல அமினோ அமிலங்கள் படிகமாகும் வகுப்பில், படிக அச்சுகளின் வழியே நேராக அழுத்தினால் எதுவுமே கிடைக்காது. சறுக்கு விசைக்கு மட்டுமே அது பதில் தரும். இது தெரியாமல் எல்-அலனின் படிகத்தை அதன் அச்சில் அழுத்திப் பார்ப்பவர் அதற்கு அழுத்தமின் பண்பே இல்லை என்று எழுதிவிடக்கூடும். விளைவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் அது நமக்குப் பயன்படும் திசையில் கிடைக்கிறது என்பதற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கிறது.

இன்றைய கருவிகளில் மிகுதியாகப் பயன்படும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்ற பீங்கானின் குணகம், வகையைப் பொறுத்து, பல நூறுகளில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பத்து என்பது அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் மின்னூட்டம் ஒன்று, மின்னழுத்தம் வேறு. ஒரு குறிப்பிட்ட மின்னூட்டத்தால் எவ்வளவு மின்னழுத்தம் எழும் என்பது அந்தப் பொருளின் விடுதிறனை, அதாவது மின்புலத்தில் வைத்தால் அதனுள் மின்னூட்டங்கள் எவ்வளவு எளிதில் விலகுகின்றன என்ற அளவை, பொறுத்தது; விடுதிறன் குறைந்தால் மின்னழுத்தம் கூடும். பீங்கானின் குணகம் 400 என்றும் ஒப்புமை விடுதிறன் 1,700 என்றும், கிளைசினுடைய குணகம் 10 என்றும் ஒப்புமை விடுதிறன் 5 என்றும் வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால், ஒரே அளவும் ஒரே விசையும் இருக்கும்போது கிளைசினில் எழும் மின்னழுத்தம் பீங்கானைவிட ஏறத்தாழ 8 மடங்கு மிகுதியாக வருகிறது. விசையை உணர்ந்து சொல்லும் கருவிக்கு மின்னழுத்தமே முக்கியம். ஒலியை உருவாக்கும், பொருளை நகர்த்தும் கருவிகளுக்குப் பீங்கானின் பெரிய குணகம் தேவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது சரியாகாது.

மரம், எலும்பு, வைரஸ்

படிகத்திலிருந்து திசுவுக்கு வந்தால் எண்கள் சட்டென்று சிறுத்துவிடுகின்றன. ஜப்பானிய இயற்பியலாளர் எய்ச்சி ஃபுகாடா 1955-இல் மரத்தில் அழுத்தமின் விளைவை அளந்தார். அது குவார்ட்ஸின் இருபதில் ஒரு பங்கு அளவே இருந்தது. நார்கள் ஓடும் திசையை ஒட்டிச் சறுக்கு விசை செலுத்தும்போது விளைவு தோன்றியது. செல்லுலோஸ் நார்கள் ஒரே பக்கமாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம். 1957-இல் அவரும் எலும்பு மருத்துவரான இவாவோ யசூடாவும் சேர்ந்து உலர்ந்த எலும்பிலும் இதைக் காட்டினார்கள். எலும்பின் கனிமப் பகுதியைவிட, அதில் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கே இதில் பெரும்பங்கு உண்டு. மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் உள்ள கொலாஜன் கைத்தன்மை கொண்டது. அதன் இழைகள் எலும்பிலும் தசைநாணிலும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

மிகுந்த சுமையைத் தாங்கும் எலும்பு தடிப்பதும், சுமையில்லாத எலும்பு மெலிவதும் நெடுங்காலமாக அறிந்தவை. அழுத்தமின் விளைவுதான் எலும்புச் செல்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்கிறது என்ற கருத்து அந்தச் சோதனைகளுக்குப் பின் வேகமாகப் பரவியது. இன்றும் பல கட்டுரைகளில் அது முடிந்த உண்மைபோல் எழுதப்படுகிறது. நான் அப்படி எழுதத் தயங்குகிறேன். உயிருள்ள எலும்பு ஈரமானது. அதன் நுண்ணிய கால்வாய்களில் அயனிகள் நிறைந்த நீர்மம் இருக்கிறது. எலும்பு வளையும்போது அந்த நீர்மம் ஓடுவதாலேயே ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. ஈர எலும்பில் அளக்கப்படும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி இந்த ஓட்டத்தால் வருவதாகவே பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதோடு, அந்த நீர்ம ஓட்டத்தின் உரசலை எலும்புச் செல்கள் நேரடியாகவே உணர்கின்றன. கொலாஜனின் அழுத்தமின் பண்பு மெய்யானது. உடலுக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ள கேள்வி.

முட்டையின் வெண்கருவிலும் நம் கண்ணீரிலும் உள்ள லைசோசைம் என்ற புரதத்தின் படிகங்களிலும் குவார்ட்ஸை ஒத்த அளவிலான விளைவு 2017-இல் அளக்கப்பட்டது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் இரண்டு அலகுகள் இணைந்த சிறிய பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி), நீரில் தானாகவே நுண்குழாய்களாகக் கூடிக்கொள்கிறது. அதன் வலுவான சறுக்கு அழுத்தமின் விளைவு 2010-இல் வெளிவந்தது. இவற்றைவிட வியப்பூட்டுவது எம்13 என்ற வைரஸ். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் இந்த வைரஸ், சுமார் 880 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி. அதன் உடலைச் சுற்றி ஏறத்தாழ 2,700 புரதங்கள் ஒரே சாய்வில் பதிந்திருக்கின்றன. 2012-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வாளர்கள் மரபணுவை மாற்றி அந்தப் புரதத்தின் ஒரு முனையில் எதிர் மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்களைக் கூட்டினார்கள். அப்படி வலுப்படுத்திய வைரஸ்களின் மெல்லிய படலத்தை அழுத்தி, 400 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தமும் 6 நானோ ஆம்பியர் வரை மின்னோட்டமும் பெற்று, ஒரு சிறு திரவப் படிகத் திரையை இயக்கிக் காட்டினார்கள்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தாலே உராய்வால் மின்னூட்டம் பிறக்கும். விரலால் தட்டும் சோதனைகளில் அது அழுத்தமின் விளைவைவிடப் பன்மடங்கு பெரிதாகவும் வரக்கூடும். நம்பத் தகுந்த ஆய்வில், மாதிரியைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும்போது மின்னழுத்தத்தின் குறியும் மாறுகிறதா என்று பார்த்திருப்பார்கள்; விளைவே இல்லாத ஆல்பா கிளைசினை அதே அமைப்பில் வைத்து ஒப்பிட்டிருப்பார்கள். வெறும் வோல்ட் கணக்கை மட்டும் தரும் ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

பயனுக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல்

ஈய சிர்கோனேட் டைட்டனேட்டின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள்கூட, ஈடான மாற்று இல்லாததால் இந்தப் பீங்கானுக்கு விலக்கு அளித்து வந்துள்ளன. உடலுக்குள் வைக்கும் கருவி என்றால் கவலை இன்னும் கூடுகிறது. அமினோ அமிலங்கள் உடலுக்குப் பழக்கமானவை. வேலை முடிந்தபின் கரைந்துபோனாலும் தீங்கில்லை. இவற்றின் மேல் இவ்வளவு ஆர்வம் பிறந்ததற்கு இதுவே காரணம்.

தடையாக நிற்பது திசை ஒழுங்கு. ஒரு துளிக் கரைசலை உலர வைத்தால் உருவாகும் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன; ஒன்றின் மின்னூட்டத்தை மற்றொன்று நீக்கிவிடுகிறது. பீங்கானில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு: உயர் மின்னழுத்தத்தில் சிறிது நேரம் வைத்தால் உள்ளிருக்கும் திசைகள் எல்லாம் ஒருபக்கமாகத் திரும்பிவிடும். அமினோ அமிலப் படிகங்கள் பெரும்பாலானவற்றில் அப்படித் திருப்ப முடியாது. வளரும்போதே ஒழுங்காக வளர வைக்க வேண்டும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள். கிளைசினையும் பாலிவினைல் ஆல்கஹாலையும் ஒன்றாகக் கரைத்து உலர்த்தியபோது, பாலிமர் மேலும் கீழும் மெல்லிய படலமாகப் பிரிய, நடுவில் கிளைசின் காமா வடிவத்தில் ஒரே திசை நோக்கிப் படிகமானது. பாலிமரின் ஹைட்ரஜன் பிணைப்புகளே படிகத்துக்குத் திசை காட்டின. அந்தப் படலத்தின் குணகம் 5.3; வளையக்கூடிய அதை எலியின் உடலுக்குள் பொருத்தியும் சோதித்தார்கள்.

கிளைசின் நீரில் மிக எளிதில் கரையும். ஒரு லிட்டர் நீர் அறை வெப்பநிலையில் சுமார் 250 கிராம் கிளைசினைக் கரைத்துக்கொள்ளும். ஆகவே உடலுக்குள் வைக்கும் கருவியை மெதுவாகக் கரையும் மற்றொரு பாலிமரால் மூட வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் அது இயங்க வேண்டும் என்பதை அந்த மூடியின் தடிமன் தீர்மானிக்கிறது. வெப்பமும் ஒரு வரம்பு. காமா படிகத்தைச் சுமார் 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது ஆல்பாவாக மாறி, அழுத்தமின் பண்பை முழுவதும் இழந்துவிடும். ஈயம் கலவாத பற்றாசு உருகுவதற்கே 217 டிகிரி வேண்டும் என்பதால், மற்ற மின்னணு உறுப்புகளைப் போல இந்தப் படிகத்தின்மேல் கம்பியைப் பற்றவைக்க முடியாது. மின்முனையைக் குளிர்ந்த நிலையிலேயே, உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துத்தான் அமைக்க வேண்டும்.